பழைய துப்பாக்கிக்கு என்ன விலை கொடுக்கலாம்? .32 ரிவால்வர் முதல் டபுள் பேரல் வரை

அமெரிக்காவில் பழைய துப்பாக்கிகளுக்கென்று விலைப் புத்தகமே அச்சாகிறது. மேல்பூச்சு எத்தனை சதவீதம் மிஞ்சியிருக்கிறது என்று பார்த்து, பக்கத்தைப் புரட்டி, தொகையைச் சொல்லிவிடலாம். இந்தியாவில் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடைக்குப் போனால் "நீங்க எவ்வளவு எதிர்பார்க்கறீங்க?" என்ற கேள்விதான் முதலில் வரும். விற்க வந்தவருக்கும் அதே கேள்வி, வாங்க வந்தவருக்கும் அதே கேள்வி. மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேசுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

லைசென்ஸ் கடைகளில் அடிக்கடி கைமாறும் நான்கு வகைகளை இங்கே எடைபோடுகிறோம்: இந்திய .32 ரிவால்வர், வெளிநாட்டு .32 கைத்துப்பாக்கி, 12 போர் (போர் என்பது குழல் துளையின் அளவு) இரட்டைக்குழல், .315 ரைஃபிள். கடைக்காரர்கள் செய்துதரும் கமிஷன் விற்பனையைப் பற்றியும் சொல்ல வேண்டியது இருக்கிறது. இவை எல்லாமே தடையற்ற போர் வகை. 9 மி.மீ., .303, .455 போன்ற தடைசெய்யப்பட்ட போர்கள் சாதாரண லைசென்ஸில் வராது. அவற்றுக்கு நியாய விலை என்ற பேச்சுக்கே இடமில்லை.

விலை ஏன் இப்படிக் கோணலாக இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். 1980-களின் நடுவில் தனியாருக்கான துப்பாக்கி இறக்குமதி அடைபட்டது. அதற்கு முன்னால் வந்து இறங்கிய வெப்லி, கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், வால்தர் வகையறாதான் இன்றைக்கும் பெரும்பாலும் சுற்றிச் சுற்றிக் கைமாறுகின்றன. துருப்பிடித்தும் பறிமுதலாகியும் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறது. பிறந்த நாட்டில் சில நூறு டாலருக்குப் போகும் ஒரு சாதாரண பிஸ்டலுக்கு இங்கே பல லட்சம் கேட்பதன் காரணம் அதுதான். அந்தத் தொகையில் இரும்புக்கான பங்கு சொற்பம்.

நேர் எதிர்த் திசையில் இழுத்தது 2019-ஆம் ஆண்டுத் திருத்தம். ஆயுதச் சட்டம் 1959-இன்படி ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்று இருந்ததை, 2019 டிசம்பர் 14 முதல் இரண்டாகக் குறைத்தார்கள். மூன்றாவதை ஓராண்டுக்குள் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டியிருந்தது. மூன்றில் எதை விடுவது என்று வந்தால் யார் ரிவால்வரை விடுவார்கள்? தாத்தா காலத்து டபுள் பேரல்தான் கடைக்குப் போகும். 12 போர் மலிந்து கிடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பயிர்க் காவலும் வேட்டையும் பழங்கதையாகிப்போனது இன்னொன்று.

மூன்றாவது, வரி. 2025 செப்டம்பர் 22 முதல் ரிவால்வர், பிஸ்டலுக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 40 சதவீதமானது. அடக்க விலை 1,00,000 என்றால் முன்பு கைக்கு வரும்போது 1,28,000, இப்போது 1,40,000. புதியதின் விலை ஏறினால் பழையதை விற்பவரும் விலையை ஏற்றுவார். ஆனால் அவர் அந்த வரியைக் கட்டவில்லை என்பது பேரத்தில் நினைவிருக்க வேண்டும். லைசென்ஸ் உள்ள ஒரு தனிநபர் இன்னொருவருக்குத் தன் சொந்தத் துப்பாக்கியை விற்றால் ஜிஎஸ்டி கிடையாது. கடைக்காரர் பழையதை வாங்கி, உள்ளீட்டு வரிச் சலுகை எடுக்காமல் விற்றால், தன் லாப வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டினால் போதும். 60,000-க்கு வாங்கியதை 72,000-க்கு விற்றால் வரி 12,000-க்குத்தான், அதாவது 4,800. முழுத் தொகைக்கும் 40 சதவீதம் போட்டு 28,800 என்று பில் நீட்டினால், எந்தக் கணக்கில் என்று நிதானமாகக் கேளுங்கள்.

இந்திய .32 ரிவால்வர்

கான்பூர் தொழிற்சாலைகளில் உருவான ஆறு தோட்டா ரிவால்வர். வெப்லி மார்க் 4-இன் வம்சம்: தாழைத் தள்ளினால் நடுவில் கீல் மடங்கித் திறந்து, காலி உறைகளை ஒரேயடியாக வெளியே தள்ளும். தோட்டா .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங், அதாவது 7.65 × 23 மி.மீ. அரசின் ஆயுதத் தொழிற்சாலைகளை நடத்திய ஆர்டனன்ஸ் ஃபேக்டரி போர்டு 2021 அக்டோபரில் ஏழு நிறுவனங்களாகப் பிரிந்த பிறகு கான்பூர், இஷாப்பூர், திருச்சி உள்ளிட்ட ஆயுதத் தொழிற்சாலைகள் அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்யுப்மென்ட் இந்தியா லிமிடெட்டின் கீழ் வந்தன. கடையில் இன்னும் எல்லோரும் பழைய வழக்கப்படி ஐஓஎஃப் (இந்தியன் ஆர்டனன்ஸ் ஃபேக்டரி) என்றுதான் சொல்கிறார்கள்.

இதற்கு விலை போடுவது நான்கிலும் எளிது. புதியது கிடைக்கிறது, ஆகவே உச்சவரம்பு தெரியும். தொழிற்சாலை விலையோடு வரியும் கொண்டுவரும் செலவும் சேர்த்துக் கைக்கு வரும் தொகையை 100 என்று வையுங்கள். எங்கள் கணக்கில், அதிகம் சுடாத, பெட்டியும் ரசீதும் இருக்கிற துப்பாக்கி 75. புழங்கியது, ஆனால் இயக்கத்தில் குறையில்லாதது 60 முதல் 65. பூச்சு போய், உள்ளே சுத்தமாக இருப்பது 50. சிலிண்டர் ஒழுங்காக நிற்காதது 35-க்கு மேல் தகாது; அதையும் லைசென்ஸ் உள்ள பழுதுபார்ப்பவரிடம் காட்டிய பிறகே. துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கே சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி லைசென்ஸ் வேண்டும் என்பதால், தெருமுனை லேத் பட்டறை இதற்கு ஆகாது.

பார்க்க வேண்டியவை வரிசையாக: முதலில் திறந்து ஆறு அறைகளும் காலியா என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். மூடி, கைப்பிடியை ஒரு கையிலும் குழலை மறு கையிலும் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். "டிக்" என்று ஒரு சத்தம் வந்தாலும் தாழோ கீல் முள்ளோ தேய்ந்திருக்கிறது என்று பொருள். மேல்பக்கம் திறக்கும் ரிவால்வரின் உயிரே அந்தத் தாழ்தான். தோட்டா வெடிக்கும்போது குழலைச் சட்டகத்தோடு (ஃபிரேம்) பிடித்து வைப்பது வேறெதுவும் இல்லை.

அடுத்து, தோட்டாவை அடிக்கும் சுத்தியான ஹேமரை மெதுவாக, மிக மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். ஹேமர் நின்று பூட்டுவதற்குள் சிலிண்டரும் தன் பள்ளத்தில் விழுந்து நின்றிருக்க வேண்டும். ஆறு அறைக்கும் இதைச் செய்யுங்கள். ஐந்தில் சரியாக நின்று ஆறாவதில் பிந்துகிறது என்றால், சிலிண்டரைத் தள்ளும் கொண்டியோ பின்பக்க நட்சத்திரப் பல்லோ தேய்ந்திருக்கிறது. அறையும் குழலும் நேர்க்கோட்டில் நிற்காத துப்பாக்கி ஈயத்தைச் செதுக்கிப் பக்கவாட்டில் துப்பும். பக்கத்தில் நிற்பவர் முகத்துக்கு ஆபத்து. ஹேமர் ஏறிய நிலையில் கட்டைவிரலால் முன்னுக்கு அழுத்திப் பாருங்கள். டிரிக்கரைத் தொடாமல் விழுந்தால் அந்தப் பேரத்தை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

சிலிண்டர் முகத்துக்கும் குழல் வாய்க்கும் நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து அளக்கலாம்; இரு சக்கர வாகன மெக்கானிக் வால்வு அளக்கும் அதே தகடுகள்தான். 0.10 முதல் 0.25 மி.மீ. வரை சரி. 0.30-ஐத் தாண்டினால் விலையில் பத்தில் ஒரு பங்கைக் குறையுங்கள். சிலிண்டர் முன்பின்னாகவும் ஆடினால் இன்னும் ஒரு பத்து.

குழலை உலர்ந்த துணியால் துடைக்காமல் உள்ளே பார்க்காதீர்கள். விற்க வைத்திருக்கும் துப்பாக்கியில் எண்ணெய் தாராளமாக இருக்கும். எண்ணெய் நிரம்பிய துருக்குழி கண்ணுக்குப் பளபளப்பாகத்தான் தெரியும். முடிந்தால் கைப்பிடிக் கட்டையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். வியர்வை இறங்குவதும், சென்னை, தூத்துக்குடி மாதிரி உப்புக்காற்று ஊர்களில் துரு ஆரம்பிப்பதும் அதற்கு அடியில்தான். தோல் உறையிலேயே ஆண்டுக்கணக்கில் கிடந்த துப்பாக்கி என்றால் தோல் பட்ட பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். அழகான உறையோடு வருகிறது என்று கூடுதல் காசு கொடுக்கிறவர்கள் பல நேரம் அந்தத் துருவுக்கும் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

டிரிக்கர் கனம் என்பது இந்த ரிவால்வரின் பழைய புகார். அது பிறவிக் குணம், அதற்காக விலை குறைக்க முடியாது. ஆனால் யாராவது ஸ்பிரிங்கை வெட்டி "ஸ்மூத்தா பண்ணிட்டோம்" என்று சொன்னால் குறையுங்கள். அப்படிச் செய்ததில், தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரில் அடி போதாமல் தோட்டா வெடிக்காது போகும்.

டைட்டானியம் கலவையில் 500 கிராமில் வந்த நிர்பீக், 2014-இல் அறிமுகமானபோது அதன் அறிவிப்பு விலை 1,22,360 ரூபாய். பெண்களுக்கென்று விளம்பரப்படுத்தி நகைப்பெட்டி மாதிரி ஒன்றில் வைத்துக் கொடுத்தார்கள். அந்தப் பெட்டிக்கும் பெயருக்கும் இன்றைக்குத் தனியாக விலை கேட்பவர்கள் உண்டு. உள்ளே இருப்பது அதே குடும்பத்து இயக்கம், அதே தோட்டா. எடை குறைவு சட்டைப்பைக்கு வசதி. சுடும்போது கைக்கு உதை அதிகம். சாதாரண மாடலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டிக் கொடுக்க நியாயம் தெரியவில்லை. 2023-இல் வந்த பிரபல், சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும் வகை. அது வந்த பிறகு மேல்பக்கம் திறக்கும் பழைய மாடல்களுக்கு 80, 85 கேட்பவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு வரலாம்.

வெளிநாட்டு .32

இங்கேதான் காசு கரையும். மேலே சொன்ன 100 கணக்கு இதற்குப் பொருந்தாது, ஏனென்றால் உச்சவரம்பு என்று ஒன்று கிடையாது. ஆனால் அடிமட்டம் உண்டு: அதே நிலையில் உள்ள ஒரு இந்திய .32-க்கு என்ன கொடுப்பீர்களோ அது இரும்பின் விலை. அதற்கு மேல் கேட்கும் ஒவ்வொரு ரூபாயும் பெயருக்கும் அரிதாகிப்போனதற்கும் போகிறது. கூடுதல் கொடுப்பது தப்பில்லை. எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

அந்தக் கூடுதல் தொகை முழுவதும் அசல் நிலைக்கு உரியது. அசல் நீலப்பூச்சு, அசல் கைப்பிடித் தகடு, சட்டகத்திலும் குழலிலும் சிலிண்டரிலும் பொருந்தும் எண்கள். நம் ஊரில் பழைய ரிவால்வர்களுக்கு நிக்கல் பூசும் பழக்கம் ஒன்று இருந்தது. பளபளவென்று மேசைமேல் வைக்கும்போது கண்ணைப் பறிக்கும். முனைகள் மழுங்கி, எழுத்துகள் ஆழமிழந்து, திருகுத் தலைகள் நசுங்கியிருந்தால் பாலிஷ் சக்கரத்தில் போய் வந்தது என்று அர்த்தம். பூச்சுக்கு அடியில் குழிகள் இருக்கும். பெயருக்கான கூடுதலில் பாதியைத் தட்டிவிடுங்கள். எண்ணே மங்கியிருந்தால் விலை பேசுவதை நிறுத்துங்கள். அடையாள எண்ணை அழித்த துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே 8-ஆம் பிரிவில் குற்றம்.

வெப்லி என்ற பெயரை வைத்து ஒரு புது மயக்கம் உருவாகியிருக்கிறது. பர்மிங்ஹாமில் செய்த பழைய வெப்லி ஒன்று. உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்தில் 2020-க்குப் பிறகு அதே பெயரில் தயாராகும் புதிய .32 வேறு. புதியதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அது இறக்குமதி அல்ல, ஆகவே அரிதும் அல்ல. அதை இந்திய ரிவால்வர்களின் 100 கணக்கில்தான் வைக்க வேண்டும். பெயரைப் பார்க்காமல் குழலை எங்கே சோதித்தார்கள் என்று காட்டும் சோதனை முத்திரையைப் பாருங்கள்.

இன்னொரு வலை ஸ்பெயினிலிருந்து வந்தது. முதல் உலகப் போர்க் காலத்திலும் அதற்குப் பிறகும் ஐபார் நகரத்துப் பட்டறைகள் கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் சாயலில் ஏராளமான .32 துப்பாக்கிகளைச் செய்து தள்ளின. தூரத்திலிருந்து அச்சு அசல். தரம் பட்டறைக்குப் பட்டறை மாறும். இரும்பு மென்மையாக இருந்து பூட்டுப் பள்ளங்கள் சீக்கிரம் தேய்ந்த துப்பாக்கிகள் நிறைய. "ஃபாரின் பீஸ்" என்ற ஒற்றைச் சொல்லில் இவையும் லட்சக்கணக்கில் போகின்றன. முத்திரையில் ஐபார் என்று இருந்தால் இந்திய .32-இன் விலைக்கும் கீழேதான் அதன் இடம்.

பிஸ்டல் வாங்குபவர்கள் தோட்டா விஷயத்தில் தடுமாறுவார்கள். ரிவால்வரின் .32-உம் பிஸ்டலின் .32-உம் ஒன்றல்ல. பிஸ்டலுக்கு 7.65 × 17 மி.மீ. தோட்டா. தோட்டாக்களை அடுக்கிச் செருகும் மேகசின் எத்தனை வருகிறது என்று கேளுங்கள். ஒன்றே ஒன்று, அதன் உதடுகளும் விரிந்திருக்கிறது என்றால், தோட்டா சிக்கிச் சிக்கி நிற்கும். மாற்று மேகசின் தேடுவது தனி வனவாசம். அசல் மேகசின் இரண்டு இருக்கும் பிஸ்டலுக்கு விற்பவர் கூடுதலாகக் கேட்டால் அது நியாயமான கேள்வி.

12 போர் இரட்டைக்குழல்

பணத்துக்கு அதிக மதிப்பு கிடைப்பது இந்த வகையில். வாங்க ஆள் குறைவு, வந்து குவிந்தது அதிகம். அதனாலேயே இங்கே மோசமான துப்பாக்கிகளும் அதிகம்.

குழல் நடுப்பட்டையில் பொறித்த பெயரைப் பார்த்து விலை பேசாதீர்கள். கல்கத்தா மாண்டன், சென்னை பி. ஆர் அண்ட் சன்ஸ் போன்ற பெயர்கள் விற்ற கடையைச் சொல்பவை. துப்பாக்கி பெரும்பாலும் பர்மிங்ஹாம் பட்டறைகளில் செய்து வந்தது. முன்கட்டையைக் கழற்றி, குழல்களைப் பிரித்து, அடித்தட்டையான பகுதியில் உள்ள முத்திரைகளைப் படியுங்கள். நைட்ரோ, அதாவது புகையில்லா மருந்துக்கான, சோதனை முத்திரை இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. சுருள்சுருளாகக் கோடு ஓடும் டமாஸ்கஸ் குழல் கரிமருந்துக் காலத்துச் சரக்கு. நைட்ரோ முத்திரை இல்லாவிட்டால் இன்றைய தோட்டாவை அதில் போடக் கூடாது. சுவரில் மாட்டும் பொருளுக்கு என்ன விலையோ அதுதான் விலை. அதற்கும் லைசென்ஸில் ஓர் இடம் போகும் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டே இடம்தான் இருக்கிறது.

அறை நீளம் அடுத்தது. பழைய ஆங்கிலத் துப்பாக்கிகளில் பல 65 மி.மீ. அறை கொண்டவை. 70 மி.மீ. தோட்டாவும் அதற்குள் வழுக்கிக்கொண்டு போய்விடும், ஏனென்றால் டப்பாவில் எழுதியிருக்கும் நீளம் சுட்ட பிறகு விரிந்த உறையின் நீளம். மடிப்பு விரிய இடமில்லாமல் குழல் கூம்புக்குள் புகுந்து நெருக்கும்போது அழுத்தம் எகிறும். போகிறதே என்று போட்டுப் பார்ப்பதில் ஆரம்பிக்கும் வினை இது.

ஆட்டம் பார்க்க, முன்கட்டையை எடுத்துவிட்டுக் குழலைப் பூட்டி, கட்டையைப் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். குழல் வந்து முட்டும் உடலின் முகத்துக்கும் குழலுக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால் கீல் தேய்ந்துவிட்டது. மேல் நெம்புகோல் பூட்டிய பிறகு எங்கே நிற்கிறது என்றும் பாருங்கள்: புதிதில் நடுக்கோட்டுக்குச் சற்று வலப்புறம் நிற்கும், தேயத் தேய இடப்புறம் நகரும். குழல் ஜோடியை மட்டும் கொக்கியில் தொங்கவிட்டு விரல் கணுவால் தட்டினால் கோயில் மணி மாதிரி ரீங்கரிக்க வேண்டும். தகர டப்பா மாதிரிச் சத்தம் வந்தால் நடுப்பட்டையின் ஈயப்பற்று விட்டிருக்கிறது. அதைத் திரும்பப் பற்றவைத்துக் குழலுக்கு நீலம் ஏற்றுவது, மலிவான துப்பாக்கியின் விலையையே தாண்டும் வேலை.

குழல் விட்டத்தையும் அளக்கச் சொல்லுங்கள். 12 போருக்கு ஏட்டளவு .729 அங்குலம். துருக்குழிகளைத் தேய்த்து எடுத்தவர்கள் விட்டத்தைப் பெரிதாக்கிவிடுவார்கள். உள்ளே கண்ணாடி மாதிரி இருக்கும், சுவர் மெலிந்திருக்கும். பிரிட்டிஷ் விதியில், முத்திரையில் குறித்த அளவைவிட 10 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.25 மி.மீ., கூடிவிட்டால் சோதனை முத்திரையே செல்லாது. சுவர் கனம் எந்த இடத்திலும் 20 தௌ, அதாவது அரை மி.மீ., கீழே போகக் கூடாது. பளபளக்கும் மெலிந்த குழலைவிட, லேசாகக் குழி விழுந்த தடித்த குழல் மேல். விலைபோவது என்னவோ பளபளப்புதான்.

குழல் வாயில் இரண்டு குழலுக்கும் நடுவே அடைப்பில்லாமல் இடைவெளி தெரிந்தால் யாரோ அறுத்திருக்கிறார்கள். 28, 30 அங்குலம் என்று பிறந்த குழல் 24 அங்குலமாக நிற்பதும் அதே கதை. குழல் வாயில் இருந்த குறுக்கம், அதாவது சோக், போய்விட்டது என்பது சின்ன நஷ்டம். லைசென்ஸ் இல்லாமல் குழலைக் குறுக்குவது 6-ஆம் பிரிவில் குற்றம், ஆகவே இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

இஷாப்பூர், முங்கேர் தயாரிப்பு இரட்டைக்குழல்களுக்குப் புதியது கிடைப்பதால் மீண்டும் நம் 100 கணக்கு. ஆனால் மலிந்த சந்தை என்பதால் நல்ல நிலைக்கு 50, புழங்கியதற்கு 35 என்று தொடங்கலாம். 16 போர், 20 போர் துப்பாக்கிகள் அழகாகவும் எடை குறைவாகவும் இருக்கும், விலையும் இறங்கியிருக்கும். தோட்டா கிடைக்காது என்பதுதான் அந்த மலிவுக்குக் காரணம். ஊர்க் கடையில் அந்தத் தோட்டா எப்போது கடைசியாக வந்தது என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

.315 ரைஃபிள்

சுருக்கமாகச் சொன்னால் போதும். பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளான லீ என்ஃபீல்டின் இயக்கம், உழைக்கும் இரும்பு. கெடுவது குழல் மட்டுமே. பழைய தோட்டாக்களில் சிலவற்றின் பிரைமர் உப்பை விட்டுச்செல்லும். சுட்ட அன்றே கழுவாமல் வைத்த குழல் உள்ளே சொறி பிடித்திருக்கும். குழலுக்குள் ஓடும் சுழல்வரிகள் கூர்மையாக, வாய்ப்பகுதி அடிபடாமல் இருந்தால் நம் 100 கணக்கில் 60. சுழல்வரி மங்கியிருந்தால் 30, அதற்கு மேல் ஒரு பைசா வேண்டாம், ஏனென்றால் குழல் மாற்றுவது என்பது லைசென்ஸ் காகிதங்களைப் பொறுத்தவரை பெரிய வேலை. போல்ட்டில் உள்ள எண் உடலில் உள்ளதோடு பொருந்தாவிட்டால், ஹெட்ஸ்பேஸ் கேஜ் (போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் உள்ள இடைவெளியைச் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்க்காமல் சுடக் கூடாது.

காகிதம்

துப்பாக்கி எவ்வளவு நன்றாக இருந்தாலும் காகிதம் சரியில்லாவிட்டால் அதன் மதிப்பு சுழியம். விற்பவரின் லைசென்ஸ் நடப்பில் இருக்க வேண்டும், தேசியத் தரவுத்தளத்தின் தனி அடையாள எண்ணான யுஐஎன் அதில் இருக்க வேண்டும், துப்பாக்கியின் வகை, போர், எண் மூன்றும் லைசென்ஸில் எழுதியபடியே இரும்பிலும் இருக்க வேண்டும். வாங்குபவரின் லைசென்ஸில் அதே வகைக்கு இடம் காலியாக இருக்க வேண்டும். ரிவால்வருக்கு வாங்கிய லைசென்ஸில் 12 போரை ஏற்ற முடியாது. வாங்குவதற்குக் கொடுத்த காலக்கெடு முடிந்திருந்தால் முதலில் அதை நீட்டிக்க வேண்டும்.

தனிநபருக்குத் தனிநபர் விற்பதானால், 5(2) பிரிவின்படி விற்பவர் தன் நோக்கத்தையும் வாங்குபவரின் பெயர், முகவரியையும் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பாளருக்கோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதன்பின் 45 நாள் கழிய வேண்டும். தமிழ்நாட்டில் மாவட்டங்களில் கலெக்டர் அலுவலகம், சென்னையில் போலீஸ் கமிஷனர் அலுவலகம். நடைமுறையில் அங்கே என்ஓசி (ஆட்சேபனை இல்லை என்ற சான்று) என்று எழுத்தில் வாங்கிக்கொண்டே எல்லோரும் நகர்கிறார்கள், அதுதான் நல்லது. "பத்து நாள் வீட்ல வச்சுப் பாருங்க, பேப்பர் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். லைசென்ஸ் இல்லாமல் கையில் வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பின் குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை. குடகில் கொடவர்களுக்கு லைசென்ஸ் விலக்கு இருக்கிறதே என்று அங்கிருந்து மலிவாக வாங்கும் யோசனையும் சிலருக்கு வரும். விலக்கு ஆளுக்குத்தான், துப்பாக்கிக்கு இல்லை.

முன்பணம் பத்து சதவீதத்துக்கு மேல் வேண்டாம். வங்கி வழியாக மட்டும். அனுமதி மறுக்கப்பட்டால் முழுதும் திரும்பும் என்ற ஒரு வரியும் துப்பாக்கி எண்ணும் ரசீதில் இருக்க வேண்டும்.

விற்பவர்களில் அதிகம் ஏமாறுவது வாரிசுகள். அப்பா இறந்து, துப்பாக்கி ஒப்படைப்பில் கிடக்கிறது, பத்திரமாக வைத்திருப்பதற்கான கட்டணம் மாதாமாதம் ஏறுகிறது, வீட்டில் யாருக்கும் அதன் அருமை தெரியாது. அந்த அவசரத்தில் நல்ல ஆங்கில இரட்டைக்குழல் இரும்பு விலைக்குப் போகிறது. ஆயுத விதிகள் 2016-இன்படி வாரிசு தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்கலாம். அப்பா உயிரோடு இருக்கும்போதே, அவருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ மகனோ மகளோ விண்ணப்பிக்க வழி உண்டு. விற்கத்தான் போகிறோம் என்றாலும் அந்த விண்ணப்பம் கையில் இருந்தால் பேரத்தில் அவசரம் தெரியாது.

கடையின் கமிஷன் விற்பனை

எங்கள் மதிப்பெண் பத்துக்கு ஆறு. இரும்பறை, பதிவேடு, காகித வேலை எல்லாம் அவர்கள் பொறுப்பு. வீட்டுக்கு முன்பின் தெரியாதவர்கள் வந்து துப்பாக்கியைப் பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. இவை பெரிய நிம்மதி. மீதி நான்கு ஏன் போனது என்றால், எழுத்தில் எதுவும் தர மாட்டார்கள் என்பதால். கீழ்வரம்பு விலை, கமிஷன் சதவீதம், மாதாந்திரப் பாதுகாப்புக் கட்டணம், விற்காவிட்டால் திரும்ப எடுக்கும் நாள், இந்த நான்கையும் ஒப்படைக்கும்போதே எழுதி வாங்குங்கள். கமிஷன் பத்து சதவீதத்துக்கு மேல் என்றால் அதற்கு ஈடாக என்ன செய்கிறார்கள் என்று கேட்கலாம்: சுத்தம் செய்கிறார்களா, என்ஓசிக்கு அலைகிறார்களா?

ஒப்படைக்கும் நாளில் குழல் உட்புறம், எண், கட்டை என்று வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் இரும்பறையில் எண்ணெய் படாமல் கிடந்த துப்பாக்கியில் துருப்புள்ளி விழுந்தால், அது யார் காலத்தில் வந்தது என்ற சண்டைக்கு வேறு சாட்சி கிடையாது. தேர்தல் நேரத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்பிய துப்பாக்கிகளுக்கும் இதே புத்தி பொருந்தும். அங்கே சீட்டுக் கட்டி அடுக்கி வைப்பார்கள், எண்ணெய் போட மாட்டார்கள். கொடுக்கும் முன் குழலுக்குள் கொஞ்சம் கனமாகவே கிரீஸ் தடவிக் கொடுங்கள்.

பேரம் முடியும் நேரத்தில் "இருக்கிற இருபது தோட்டாவையும் சேர்த்தே கொடுத்துடறேன்" என்று விற்பவர் இறங்கி வருவதுபோல் பேசுவார். தோட்டாவும் லைசென்ஸ் பொருள். இரு தரப்பு லைசென்ஸிலும் பதிவேறாமல் ஒன்றுகூடக் கைமாற முடியாது. ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடந்து அட்டை உப்பியதும் பித்தளை பச்சை பூத்ததுமாக இருக்கும். அதற்கு விலைக் கணக்கில் போட வேண்டிய தொகை பூஜ்யம்.